அண்டாவின் விலாசம்

எங்கள் வீட்டில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. ஐந்து குடம் தண்ணீர் பிடிக்கும். அது எங்களுடையதன்று.

1998 தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மும்பையில் சயான் பக்கம் ஒரு சிறிய மண்டபம். சமையலுக்கு வந்தவர் மாட்டுங்காவில் எங்கோ பாத்திரங்களை வாடகைக்கு எடுத்து வந்தார். எந்தக் கடை என்று நாங்கள் கேட்கவில்லை. கணக்கையும் அவரே பார்த்துக்கொண்டார். மறுநாள் டெம்போவில் எல்லாம் ஏறிப் போயின, இந்த ஒன்றைத் தவிர. வீடு நிறைய ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள். நாங்கள் குடியிருந்த சயான் கோலிவாடாவில் காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். இரண்டு நாள் இருக்கட்டும், கூட்டம் போனதும் அனுப்பிவிடுகிறேன் என்று அம்மா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. பத்து நாள் ஆஸ்பத்திரி. அவர் தேறி வீட்டுக்கு வருவதற்குள் சமையல்காரர் ஊருக்குப் போயிருந்தார். போனவர் திரும்பவில்லை, அந்த ஆண்டே அங்கே காலமானார் என்று பிறகு தெரிந்தது.

அண்டா நின்றுவிட்டது. கோலிவாடாவிலிருந்து செம்பூருக்கு நாங்கள் குடிமாறியபோது அதுவும் கூடவே வந்தது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் இருந்தது. அதில் தண்ணீர் மொள்ளும்போதெல்லாம், அடுத்தவர் பாத்திரத்தில் எத்தனை நாள் குடிப்பது என்று அம்மா ஒரு முறையாவது சொல்லாமல் இருந்ததில்லை. சொல்லிக்கொண்டே புளி போட்டுத் தேய்ப்பாள். இரவல் பொருளைச் சொந்தப் பொருளைவிடப் பளபளப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய கட்சி.

போன ஆண்டு எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு வாடகை வீடு. சாமான்களைக் குறைக்க வேண்டும். பழைய பித்தளைக்கு நல்ல விலை இருக்கிறது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை. "உடையவனைத் தேடிக் கொடு. அதில்தான் போன் நம்பர் இருக்கிறதே, படித்தவன்தானே நீ" என்றாள்.

நம்பர் இருந்தது உண்மை. வாய்விளிம்புக்குக் கீழே, சிறிய உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி வெட்டியிருந்தது. முதலில் மு.சு.பி.பி. என்று நான்கு எழுத்து. அதை அடுத்து ஏழு இலக்கம். 401-இல் தொடங்கியது. முழு எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. அது இன்று வேறொரு வீட்டில் மணியடிக்கிறது. ஏழில் ஆறு இலக்கங்கள் தெளிவாக இருந்தன. ஐந்தாவதுதான் சிக்கல். அது ஒன்றா, ஏழா என்று சொல்ல முடியவில்லை. நெட்டுக்கோட்டின் புள்ளிகள் ஆழமாக இருந்தன. அதன் தலையில் இடப்பக்கமாக இரண்டு புள்ளி இருப்பதுபோல் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் ஏழு. நேராகப் பார்த்தால் ஒன்று. இருபத்தைந்து ஆண்டுப் புளி அந்த இலக்கத்தைத் தின்றிருந்தது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, கரி பிடிக்க விட்டிருக்க வேண்டுமா என்று கேட்டாள்.

எழுத்தைப் பற்றி எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பெயருக்கு முன்னால் நான்கு எழுத்து நின்றால் தமிழர்களுக்குச் செட்டிநாடுதான் நினைவுக்கு வரும். தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து நகரத்தார் தங்கள் கடைக்கு வைத்துக்கொள்வதற்கு விலாசம் என்றே பெயர். வீட்டு முகவரிக்கும் அதே சொல். ஆகவே இது மு.சு.பி.பி. செட்டியார் கடைப் பாத்திரம் என்று அப்பா 1998-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. உடம்பு தேறியதும் எஸ்டிடி பூத்திலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டு, செட்டியார் இருக்கிறாரா என்று கேட்டாராம். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். அப்பா ஒன்றைச் சுழற்றினாரா, ஏழைச் சுழற்றினாரா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

செல்பேசி எண்ணோடு வளர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செல்பேசி எண் ஓர் ஆளைக் குறிக்கிறது. அவர் போகுமிடமெல்லாம் அதுவும் போகிறது. தரைவழி எண் ஓர் இடத்தைக் குறித்தது. அதன் முன்பாதியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2002-இல் அரசுத் தொலைபேசிக் கம்பெனியான எம்டிஎன்எல்லின் மும்பை எண்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்த்து எட்டு இலக்கமாக்கினார்கள். 3 ரிலையன்சுக்கு, 4 ஏர்டெலுக்கு, 6 டாடாவுக்கு என்று மற்றவர்கள் வந்தபோது அந்த முதல் இலக்கம் கம்பெனியைச் சொன்னது. அடுத்த இலக்கம் ஊரைச் சொன்னது. 22 என்றால் கோட்டை, கொலாபா பக்கம். 24 என்றால் தாதர், மாட்டுங்கா, சயான். 25 செம்பூர், காட்கோபர், முலுண்ட். 26 பாந்த்ரா, அந்தேரி. 28 காந்திவலி, போரிவலி. 27 நவி மும்பை. எண்ணைக் கேட்டவுடனே எந்த ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அக்காவுக்கு வரன் பார்த்த காலத்தில், எண் நாலில் தொடங்கினால் மாட்டுங்காக்காரர்கள் என்று அம்மாவின் குரலில் ஒரு சுருதி ஏறும். அத்தானுடைய எண் எட்டில் தொடங்கியது. அதற்காக அவர் இன்றுவரை எங்களை மன்னித்துக்கொண்டிருக்கிறார்.

ஆக, அண்டாவின் எண் இன்று 2401 என்று தொடங்க வேண்டும். பகுதி மாட்டுங்கா. இதுவரை சுலபம். இதற்குமேல் ஓர் அங்குலம் நகர எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

முதலில் இரண்டு எண்களையும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று வைத்த எண் உபயோகத்தில் இல்லை. ஏழு வைத்த எண்ணில் மணி போயிற்று. வயதான ஒரு பெண்மணி குஜராத்தி கலந்த இந்தியில் பேசினார். பாத்திரக் கடையா, செட்டியாரா, யாரையும் தெரியாது, பல வருடங்களாக இது எங்கள் எண் என்றார். எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நீ யார், எதற்குக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். சரியான காரியம் செய்தார். முன்பின் தெரியாத ஒருவன் கூப்பிட்டு, உங்கள் எண் எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் என் அம்மாவும் இதையேதான் செய்வாள், கூடுதலாக இரண்டு வார்த்தையோடு.

எண்ணைக் கொடு, விலாசத்தைத் தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்கள் ஏராளம். நான் பார்த்தவற்றில் ஒன்று, எண்ணைத் தட்டியதும் ஒரு வட்டத்தை அரை நிமிடம் சுற்றவிட்டு, மும்பை, எம்டிஎன்எல் என்று கண்டுபிடித்துச் சொன்னது. 022 என்று நானே தட்டிக் கொடுத்த பிறகு. மேலும் விவரத்துக்குப் பணம் கட்டச் சொன்னது, கட்டவில்லை. அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகளும் இதற்கு உதவாது. பிறருடைய செல்பேசியில் உங்கள் எண் என்ன பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறதோ அதைத் திரட்டித்தான் அவை காட்டுகின்றன. 1998-இல் ஓர் அண்டாவில் வெட்டிய எண்ணை யார் செல்பேசியில் சேமித்திருக்கப் போகிறார்கள்?

வாடிக்கையாளர் சேவை மையத்துக்கும் போனேன். கவுன்டரில் இருந்தவர் ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்த மராட்டிக்காரர். அண்டா கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார், சிரித்தார், தேநீர்கூட வரவழைத்தார். விலாசம் மட்டும் கொடுக்கவில்லை. சந்தாதாரரின் விவரத்தை அப்படி எடுத்துக் கொடுக்க முடியாது, போலீஸ் முறைப்படி எழுதிக் கேட்டால் அது வேறு என்றார். பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்க 197 இருந்தது. எண்ணைச் சொல்லிப் பெயரைக் கேட்பதற்கு அது ஏற்பட்டதன்று. டைரக்டரியும் அப்படித்தானே அச்சானது, பெயர் வரிசையில்? எண் வரிசையில் ஒரு புத்தகம் இருந்திருந்தால், நள்ளிரவில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பவன் மறுநாள் காலை அவள் வாசலில் நின்றிருப்பான். கொஞ்சம் எரிச்சலோடுதான் வெளியே வந்தேன். ஆனால் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சியைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஊர்க்காரர். தாராவி 90 அடி சாலையில் மகன் வீட்டில் இருக்கிறார். டெலிபோன் இலாகாவில் கேபிள் ஜாயின்ட் போடும் வேலையில் சேர்ந்து, 1986-இல் டெல்லிக்கும் மும்பைக்குமாக எம்டிஎன்எல் பிறந்தபோது அதற்கு மாறி, அதிலேயே ஓய்வுபெற்றவர். நம்பரிலிருந்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா அண்ணாச்சி என்று கேட்டேன். "நம்பர் எக்ஸ்சேஞ்சோடு சரி. தெருவுக்கு நம்பர் தெரியாது. தெருவுக்கு ஜோடிதான் தெரியும்" என்றார்.

அதை அவர் விளக்கியவிதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு போனுக்கும் இரண்டு செம்புக் கம்பிகள், அதுதான் ஜோடி. எக்ஸ்சேஞ்சில் ஒரு பெரிய இரும்புச் சட்டம் நிற்கும். அதன் ஒரு பக்கம் எண்கள், மறுபக்கம் தெருவிலிருந்து வரும் கேபிள்கள். இரண்டுக்கும் நடுவே ஜம்பர் என்ற மெல்லிய கம்பி. அந்த ஜம்பரைத் தாண்டினால் எண் என்பதே கிடையாது. எத்தனையாவது கேபிள், எத்தனையாவது ஜோடி, அவ்வளவுதான். தடித்த கேபிள் மண்ணுக்கடியில் ஓடி, சாலையோரம் ஆளுயரத்தில் நிற்கும் இரும்புப் பெட்டிக்கு வரும். அதன் பெயர் கேபினெட். அங்கிருந்து சிறிய கேபிள்கள் பிரிந்து, கட்டடச் சுவரில் அறைந்திருக்கும் டி.பி. பெட்டிக்குப் போகும். டி.பி.யிலிருந்து வீட்டு ஜன்னலுக்கு ஒற்றை வயர். இப்படி மூன்று இடத்தில் ஜோடி கைமாறுகிறது. மூன்று இடத்துக்கும் பதிவேட்டில் குறிப்பு உண்டு. பதிவேடு நனைந்து போனால் லைன்மேன் தலையில் உண்டு.

எந்த ஜோடி எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அண்ணாச்சி இரண்டு கைகளையும் விரித்தார். இடது கை விரல்களைத் தொட்டு வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்றார். வலது கை விரல்களைத் தொட்டு நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்றார். இடது கட்டை விரலை வலது கை விரல்கள் ஒவ்வொன்றிலும் வைத்தார்: வெள்ளை நீலம் ஒன்று, வெள்ளை ஆரஞ்சு இரண்டு, வெள்ளை பச்சை மூன்று. ஐயைந்து இருபத்தைந்து. ஊதா சாம்பலோடு ஒரு கட்டு முடிகிறது. வேலையிலிருந்து ஓய்ந்து பல வருடங்களான பிறகும் அந்த விரல்கள் தடுமாறாமல் ஓடின. உள்ளங்கையில் அங்கங்கே கறுப்பாகச் சின்னத் தழும்புகள். மழைக்காலத்தில் குழிக்குள் இறங்கி ஈரக் கையோடு ஜாயின்ட்டைப் பிரிக்கும்போது, அந்த ஜோடிக்கு யாராவது போன் செய்தால் கைக்கு வந்துவிடும் என்றார். சும்மா இருக்கும்போது லைனில் 48 வோல்ட்; அது ஒன்றும் செய்யாது. மணியடிக்க அனுப்புவது சுமார் 75 வோல்ட். "யாரோ யாரையோ சௌக்கியம் விசாரிக்கக் கூப்பிடுவார்கள், நான் குழிக்குள் துள்ளுவேன்."

தண்ணீர்தான் அவர்களுக்கு ஜென்ம விரோதி. பழைய கேபிளில் கம்பிக்குக் காகிதம்தான் உறை. மேலே ஈயக் குழாய். எங்காவது ஓர் ஊசித் துவாரம் விழுந்தால் போதும், ஒரு தெருவே ஊமையாகிவிடும். பிறகு வந்த கேபிளில் பெட்ரோலியம் ஜெல்லியை அடைத்து அனுப்பினார்கள். தண்ணீர் குறைந்தது, ஆனால் வீட்டுக்கு வந்தால் கை பிசுக்குப் போக மண்ணெண்ணெய் வேண்டியிருந்தது என்றார்.

முதன்முதலில் போன்களுக்கு எண்ணே கிடையாது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் 1882 ஜனவரி 28-இல் எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1879-இல், அமெரிக்காவில் லோவெல் என்ற ஊரில் தட்டம்மை பரவியது. அங்கே நாலு ஆபரேட்டர்கள், பெயரைச் சொன்னால் இணைப்புக் கொடுப்பார்கள். யாருக்கு எந்தத் துளை என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த நாலு பேரும் படுத்துவிட்டால் ஊரே முடங்கிப் போகுமே என்று ஒரு டாக்டர் கவலைப்பட்டு, சந்தாதாரர்களுக்கு எண் போடச் சொன்னார். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "எண் போட்டு என்ன, எங்களுக்கும் தட்டம்மை மாதிரி வி.ஆர்.எஸ். என்று விருப்ப ஓய்வு வந்ததே" என்றார்.

மாட்டுங்கா அவருடைய பகுதியில்லை. அவர் வேலை பார்த்ததெல்லாம் சயானுக்கு வடக்கே. இருந்தாலும் பார்க்கலாம் என்று என் செல்பேசியை வாங்கி, அண்டாவின் படத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலில் முடிந்து, மருமகள் தண்ணீர் கொண்டுவந்து தர வேண்டியிருந்தது.

"யாரய்யா இதில் செட்டியாரைக் கண்டது? மு.சு. ஆளுடைய பெயர். பி.பி. போனுடைய பெயர்."

எனக்கும் அது தெரியும். அதுதான் வெட்கமாக இருந்தது. எங்கள் அப்பாவின் கல்யாணப் பத்திரிகையிலேயே பி.பி. என்று போட்டு ஓர் எண் இருக்கிறது. ஆபரேட்டர் மூலம் வெளியூருக்குப் பேசிய டிரங்க் கால் காலத்தில், குறிப்பிட்ட ஒரு நபரையே கூப்பிட்டுத் தரும் வகைக்கு பி.பி. கால், அதாவது பர்ட்டிகுலர் பர்சன் கால் என்று பெயர். அது நாளடைவில் வேறு பொருளுக்கு நகர்ந்தது. போனுக்கு மனுப்போட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூடுதல் பணம் கட்டி முந்திக்கொள்ள ஓ.ஒய்.டி. என்று ஒரு திட்டம் இருந்தது, அது வசதியுள்ளவர்களுக்கு. மற்றவர்கள் பக்கத்து வீட்டு எண்ணையோ பக்கத்துக் கடை எண்ணையோ தங்கள் எண்ணாகப் போட்டுக்கொண்டு, முன்னால் பி.பி. என்று எழுதுவார்கள். கூப்பிட்டால் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி, ஒரு பையனை ஓடவிட்டு ஆளை வரவழைப்பார்கள். இரண்டு எழுத்தில் எவ்வளவு பெரிய உபகாரம்!

ஆகவே அந்த எண் பாத்திரக்காரருடையதே அன்று. அவர் யாருடைய போனையோ அண்டாவில் வெட்டியிருக்கிறார். நான் இத்தனை நாள் தேடியது தப்பான வாசலை.

இங்கே அத்தான் வருகிறார். பேரிங் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். 1997-ஆம் ஆண்டு டாடா பிரஸ் மஞ்சள் பக்கங்களைப் பரணில் துணி சுற்றி வைத்திருந்தார். அவர் தொழிலுக்கு அது வேதம். அந்தப் புத்தகத்துக்கே ஒரு வழக்கு உண்டு. சந்தாதாரர் பட்டியலை அச்சிடும் உரிமை தனக்கு மட்டுமே என்று எம்டிஎன்எல் வழக்காட, அது உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பட்டியல் வேறு, வியாபாரிகள் காசு கொடுத்துப் போடும் விளம்பரத் தொகுப்பு வேறு என்று 1995-இல் தீர்ப்பானது. விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சட்டம் படிப்பவர்கள் அந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள். அந்த உரிமையின் பலனை நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அனுபவித்தேன்.

மஞ்சள் பக்கங்களின் சௌகரியம், அது தொழில்வாரியாக இருப்பது. வாடகைப் பாத்திரம் என்ற தலைப்பை முதலிலேயே பார்த்து, ஒன்றுமில்லை என்று மூடி வைத்திருந்தோம். இப்போது எந்தத் தொழில் என்றே தெரியாது. மாட்டுங்காவில் ஒரு பாத்திரக் கடைக்கு அண்டையில் என்ன கடை இருக்கும்? மாவு மில், சலவைக் கடை, பூக்கடை, காபிப்பொடி, சோடா, எதுவும் இருக்கலாம். முழுப் புத்தகத்தையும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அத்தான் பூதக்கண்ணாடியோடு 401-ஐ மட்டும் படிப்பார், நான் சரிபார்ப்பேன். அவர் பழக்கப்படி கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினார். தலைப்புகள் ஆங்கில அகர வரிசையில். ஆறு மாலைகள் போயின. ஏழாம் நாள் சி எழுத்துக்கு வந்தோம். தேங்காய் மொத்த வியாபாரம் என்ற தலைப்பின் கீழ், கட்டம் கட்டிய ஒரு சின்ன விளம்பரம். ஏழும் பொருந்தியது. ஐந்தாவது இலக்கம் ஏழு. முன்பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தால் ஒரே மாலையில் முடிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அக்கா சொன்னாள்.

விளம்பரத்தில் கடையின் விலாசம் இருந்தது. தெலங் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. மறுநாள் காலை போனேன். மாட்டுங்கா ரயில் நிலையத்தில் இறங்கிப் பூக்கடைகளைக் கடந்தால் நடக்கும் தூரம்தான். எத்தனை முறை இந்தப் பக்கம் காபிப்பொடிக்கும் வாழையிலைக்கும் வந்திருக்கிறேன்! தேங்காய் மண்டி அங்கேயே இருந்தது. மட்டை உரித்த தேங்காய்க் குவியலுக்குப் பின்னால், ஐம்பது வயதிருக்கும் ஒருவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். பேனாவை மூடினார்.

"எங்கள் பழைய நம்பர். இது பாத்திரக்கார மாமாவுடைய அண்டா ஆயிற்றே."

மூன்று கடை தள்ளி இருந்ததாம் பாத்திரக் கடை. இப்போது அங்கே செல்பேசிக்கு உறை விற்கிறார்கள். கல்யாண மாதத்தில் ஒரு நாளைக்கு இருபது, முப்பது அழைப்பு மாமாவுக்கு வருமாம். கூப்பிட ஓடிய பையன் இவர்தான். ஒரு அழைப்புக்கு நாலணா என்று மாமா கணக்கு வைத்திருந்து, தீபாவளிக்கு மொத்தமாகக் கொடுப்பாராம். ஆளுக்கொரு செல்பேசி வந்ததும் இவர்கள் லைனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எண் சும்மா கிடந்து, பிறகு குஜராத்திப் பெண்மணி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

1998-இல் ஒருவர் கூப்பிட்டுச் செட்டியாரைக் கேட்ட நினைவு இருக்கிறதா என்று கேட்டேன். நினைவில்லை, ஆனால் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்போம், மாமா கும்பகோணத்து ஐயர் என்றார். அப்பா அன்றைக்குச் சரியான எண்ணைத்தான் சுழற்றியிருக்கிறார். செட்டியார் என்ற ஒரு சொல்லை விட்டு, பாத்திரக்காரர் என்று கேட்டிருந்தால் எதிர்முனையில் ஒரு பையன் எழுந்து ஓடியிருப்பான்.

மாமா காலமாகிப் பல வருடமாகிறது. மகன் டோம்பிவலியில் இருக்கிறார். அவருடைய எண்ணை எனக்குத் தருவதற்கு முன்னால், தேங்காய்க்காரர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரைக் கூப்பிட்டு, கொடுக்கலாமா என்று கேட்டார். நானும் என் மகளும் உபயோகிக்கிற செயலிகள் ஒன்றுகூட இதுவரை இப்படிக் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். கூச்ச சுபாவம், தனியார் கம்பெனியில் கணக்கர். அம்மா அண்டாவைக் கூடத்தின் நடுவில் கோலம் போட்டு வைத்திருந்தாள். அவர் அதன் அருகில் உட்கார்ந்து, விளிம்பைத் தடவி, வெட்டெழுத்தின்மேல் விரலை ஓட்டினார். ஐந்தாவது இலக்கத்துக்கு வந்ததும் நின்றார். வெட்டுகிறவர் ஏழுக்குத் தலையைச் சின்னதாகப் போட்டுவிட்டார் என்று அப்பா கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டிருந்தார் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, வீடு சிறியது, இந்தத் தொழிலும் இப்போது இல்லை, மண்டபங்களிலேயே எல்லாப் பாத்திரமும் இருக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மாமி, அப்பா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்றார்.

அம்மா ஒப்பவில்லை. நாள் வாடகை அப்போது என்ன என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. வாடகை தெரியாமல் என்ன கடைக்காரர் பிள்ளை என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு கவரில் ஏதோ வைத்து நீட்டினாள். அவர் இரண்டு முறை திருப்பிக் கொடுத்து, மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். நானும் அவருமாக அண்டாவை ஆளுக்கொரு வளையத்தில் பிடித்துப் படியிறங்கினோம். குர்லாவில் மாறி, சுமை ஏற்றும் பெட்டியில் கொண்டுபோவது என்று ஏற்பாடு. ஆட்டோவில் ஏற்றிக் கயிறு கட்டும்போது அம்மா மாடியிலிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் பழைய நம்பரை அடித்துவிட்டு உன் செல் நம்பரை வெட்டி வைத்துக்கொள். பி.பி. வேண்டாம். இனிமேல் வாங்கிப் போகிறவர்கள் எங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள்?"